ஐசன்பிரவுன் வீட்டுப் படிகள்

"முட்டி போடு," என்றாள் கெர்லிண்டெ.

தீலோ முட்டி போட்டான். அவள் அண்ணன் மகன். நாற்பதைத் தாண்டியவன். ஐசன்பிரவுன் குடும்பத்துப் பெயிண்ட் கம்பெனியில் ஆய்வுக்கூடம் அவன் பொறுப்பு. ஆனால் இந்த மாடிப்படியில் நின்று அத்தை சொன்னால் முட்டி போடத்தான் வேண்டும்.

சனிக்கிழமை. படிகளை அவள் அப்போதுதான் கழுவித் துடைத்திருந்தாள். நெக்கர் ஆற்றோரத்து அந்தத் தெருவில், சனிக்கிழமை படி கழுவாத வீட்டாரோடு யாரும் நின்று பேசுவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம், தீலோ சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு தாள்.

அவர்களுடைய படிக்கட்டுப் பெயிண்டில், கால் வழுக்காமலிருக்கப் பொடியாகப் பிளாஸ்டிக் குருணை சேர்ப்பார்கள். ஐரோப்பியச் சட்டம் இப்போது அந்தக் குருணையைத் தேடிப் பிடிக்கிறது. காய்ந்த பூச்சிலிருந்து அது உதிராது, தண்ணீரில் கலக்காது என்று கம்பெனி சார்பில் யாராவது பெயர் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கெர்லிண்டெயின் அப்பா உருவாக்கிய பெயிண்டை நிறுத்திவிட வேண்டியதுதான்.

தீலோ வாரக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தான்.

"மிதிபட்டு மிதிபட்டுத் தேயாதுன்னு எனக்கு எப்படி அத்தை தெரியும்? தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"உன் தாத்தா போட்டிருப்பார். உன்னை டூபிங்கன் யுனிவர்சிட்டில படிக்க வச்சது சொந்த ரத்தத்தைச் சந்தேகப்படறதுக்குத்தான் போல. கையை வச்சுப் பாரு. அவர் அன்னிக்கு அடிச்ச பூச்சுதான் இது."

அப்பா அந்தப் பெயிண்டை உருவாக்கிய வருடம் முதன்முதலில் அடித்தது இந்தப் படிகளில்தான். பேரன் காலத்திலும் தேயாது என்று தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். அதே வார்த்தை இன்றும் டப்பாவில் இருக்கிறது. இந்த வீட்டில் யாரும் மறுபூச்சு அடித்துத் தெரு பார்த்ததில்லை.

தீலோ உள்ளங்கையால் மரப்படியின் பலகை ஓரத்தைத் தடவினான். பிறகு நடுவை, மூன்று தலைமுறையின் கால்கள் ஏறி இறங்கிய இடத்தை. நகத்தால் கீறினான். குனிந்து, கன்னம் படுகிற அளவுக்கு முகத்தைத் தாழ்த்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான்.

இரண்டு இடத்திலும் ஒரே சொரசொரப்பு.

வாய்விட்டுச் சிரித்தான். "தோத்துட்டேன் அத்தை. மனுஷனா அவர், ராட்சசன்!"

"மரியாதையாப் பேசு."

படியிலேயே உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டான். கைபேசியில் படம் எடுத்து அங்கிருந்தே அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டான்.

கெர்லிண்டெயின் முதுகு எப்போதும் நேராகத்தான் இருக்கும். இப்போது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

தீலோ மட்டும் எழுந்திருக்கவில்லை. பலகையை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை நாம மட்டும் பாத்தாப் போதுமா? இந்த ஒரு பலகையைக் கழட்டிக்கறேன். குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில வச்சா, ஓரத்துல எவ்வளவு கனமோ நடுவுலயும் அவ்வளவு கனம் இருக்கும். அந்தப் படத்தையும் அனுப்பிடுவோம். அப்புறம் ஒரு பய நம்ம பேரைப் பத்தி வாயைத் திறக்க மாட்டான்."

"வீட்டை உடைக்காதே."

"ஒரு பலகைதானே. நானே புதுசு போட்டுத் தரேன்." ரம்பம் எடுக்க, இரண்டிரண்டு படியாக நிலவறைக்கு இறங்கினான். சிறுவயதில் அப்படித்தான் இறங்குவான்.

அவன் பெயர் அவள் நாக்கு வரை வந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ரம்பத்தோடு திரும்பி வந்தான். "கொஞ்சம் நகருங்க அத்தை."

கெர்லிண்டெ நகர்ந்து நின்றாள்.

அப்பாவை அடக்கம் செய்த மறுவருடமே படிகளின் நடுவில் மரம் தெரியத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும், அண்ணன் குடும்பம் இத்தாலிக் கடற்கரைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஓரங்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு நடுவை மட்டும் அவள் நிரப்புவாள். அடுத்த ஆகஸ்டுக்குள் அதுவும் போய்விடும். சனிக்கிழமை படி கழுவிய வாளித் தண்ணீரை, அதன் நிறம் பார்க்காமல், சாக்கடையில் கவிழ்த்துப் பழகியிருந்தாள்.

ரம்பம் பலகையில் முதல் இழுப்பு இழுத்தது.

ஓரத்தில் அப்பாவின் பூச்சு இருக்கும். நடுவில் அது ஓர் இழைகூட இருக்காது. அங்கே வெறும் மரத்தின் மேல் இருப்பது, வசந்தத்தில் தீலோ தன் கையால் கலக்கி, இந்த ஆகஸ்டில் அவள் பூசிய பெயிண்ட்.