யோசிச்சிட்டு வரேன்

மருந்துக்கடையில் நின்ற இயந்திரம், தணிகாசலத்தின் வீங்கிய புராஸ்டேட்டுக்கு இருந்த இரண்டு வழிகளையும் பெண்குரலில் ஒப்பிட்டுச் சொன்னது. நீராவி சிகிச்சை என்றால் சிறுநீர் சீராக இரண்டு மாதம் ஆகும். லேசர் என்றால் உடனே சரியாகும். ஆனால் விந்து பெரும்பாலும் வெளியே வராது. அவர் வயதுக்கு லேசரே சிறந்தது என்று முடித்தது.

ஐம்பத்தாறு வயதில், போன வருடம்தான் கல்யாணமானவர் அவர். குழந்தை வேண்டும் என்று பின்னால் நிற்பவர்கள் காதுபடச் சொல்ல நாக்கு எழவில்லை.

"யோசிச்சிட்டு வரேம்மா" என்று நழுவினார்.

"லேசர் சிகிச்சைக்கு வருகை உறுதியானது" என்றது இயந்திரம்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியின் ஆளில்லாத வண்டி ஒன்று வாசலில் வந்து கதவைத் திறந்தது. ஏறச் சொன்னது.

"நான் வரேன்னு சொன்னது வரேன்னு இல்ல" என்று அதனிடம் மன்றாடினார்.

"ரத்து செய்ய ஒரே வழிதான். 'நான் போகிறேன்' என்று தெளிவாகச் சொல்லவும்" என்றது வண்டி.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி வேதவல்லி ஓடிவந்து பொத்தினாள். அவளுடைய முதல் கணவர் ஒருநாள் காலையில் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான், திரும்பவில்லை.

"அந்த வார்த்தை மட்டும் வேணாங்க."

"அப்போ குழந்தை?" என்றார், அவள் விரல்களுக்குள்ளிருந்து.

"நீங்க திரும்பி வந்தா போதும்" என்று கையை எடுத்தாள். அவரை மெல்ல வண்டிக்குள் ஏற்றி உட்காரவைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.