கறுப்பு வயர்

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் கம்ப்யூட்டர் கடை. சோதித்துக் காட்டாமல் எதையும் விற்கமாட்டேன்.

2004இல் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆனி அக்கா வந்தார். கையில், முந்தின வருஷம் இறந்துபோன கணவர் காலேப் வாங்கித் தந்த கேம் ஹெட்போன். நாலு பக்கமும் சத்தம் கேட்கும் வகை. அதைச் செருக, கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் சவுண்ட் கார்டு வேண்டும்.

"கேம் ஆடறது நானுங்க. அவரு என் சேருக்குப் பின்னாடி நின்னுகினு வழி சொல்லுவாரு."

என் சோதனை எளிது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வரும் பக்கம் கை காட்டவேண்டும். விலை கூடிய கார்டில் ஹெட்போனின் மூன்று வயர்களையும் செருகினேன். முன்னால், பின்னால், இடது, வலது எல்லாம் சரியாகக் காட்டினார். முகம் மட்டும் மலரவில்லை.

அடுத்து சாதா கார்டு. அதில் சத்தம் வெளியே வர ஒரே ஓட்டை. முன்பக்கச் சத்தத்துக்கான பச்சை வயரைச் செருகினேன். பின்பக்கச் சத்தத்துக்கான கறுப்பு வயர் மேசைமேல் கிடந்தது. இடது காட்டினார், வலது காட்டினார். அவ்வளவுதான் சோதனை. சத்தத்தை நிறுத்தி, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவர் கை மறுபடி உயர்ந்து, தோளுக்குப் பின்னால் காட்டியது.

"இதையே குடுங்க."

"அக்கா, இதுல பின்னாடி சத்தமே வராதுங்க."

"ஆங், தெரியும். கொஞ்சம் இருங்க, இன்னும் பேசிகினு இருக்காரு."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்து வந்தவரை நான் வாசலிலேயே நிற்கச் சொன்னேன்.