இன்றைய அருவி நிலவரம்

"ஏலே விஜய்பாண்டி, எந்திலே! மெயின் அருவியில தண்ணி வந்துட்டு!"

போனில் கத்தியது சுடலைமுத்து. தென்காசியில் ஆட்டோ ஓட்டுகிறவன். விடிந்ததும் குற்றாலத்துக்கு ஒரு சவாரி போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான்.

விஜய்பாண்டி பாயிலிருந்து துள்ளி எழுந்தான். இந்த சீசனின் முதல் தண்ணீர்!

"நெசமாவா? கண்ணால பாத்தியா?"

"பாலத்துல நின்னு பாத்தேன்லே. வெள்ளை வெளேர்னு கொட்டுது. ஆனா ஜெபசிங் அண்ணாச்சி என்ன போட்டிருக்காருன்னு பாரு."

பார்த்தான். 'இன்றைய அருவி நிலவரம்: தண்ணீர் வரவில்லை. யாரும் கிளம்ப வேண்டாம்.' கீழே வெறும் பாறையின் படம்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பதில்லை. போனைத்தான் பார்க்கிறார்கள். ஜெபசிங்கின் சிப்ஸ் கடை அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது. தினமும் காலையில் அருவியைப் படம் பிடித்துத் தன் யூடியூப் சேனலில் போடுவார். அவர் 'வாங்க' என்றால் மதுரையிலும் சிவகாசியிலும் வண்டிகள் கிளம்பும். 'வராதீங்க' என்றால் ஒரு பைக் கூட நகராது.

விஜய்பாண்டியும் அப்படி ஒரு சேனல் வைத்திருந்தான். பார்க்கத்தான் ஆள் இல்லை. பார்த்த நாலு பேரும், 'ஜெபசிங் அண்ணாச்சி சொல்லட்டும், அப்புறம் கிளம்புவோம்' என்று கீழே எழுதிவிட்டுப் போவார்கள்.

"மாட்டிக்கிட்டாருலே! இது பழைய படம். ஏம்லே பொய் சொல்லுதாரு?"

"சிப்ஸ் சரக்கு இன்னும் வந்து இறங்கியிருக்காது. கடையை ரொப்பிட்டுத்தான் கூட்டத்தைக் கூப்பிடுவாரு. யாவாரியாச்சே!"

விஜய்பாண்டி உடனே தன் சேனலிலும் ஜெபசிங் போட்ட படத்தின் கீழேயும் தட்டினான். 'மக்களே! ஒருத்தர் உங்களை ஏமாத்துறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அருவியிலிருந்து லைவ். யார் பொய் சொல்றாங்கன்னு நீங்களே பாருங்க!'

ஆட்டோ குற்றாலம் ரோட்டில் பறந்தது. சாரல் முகத்தில் அடித்தது. மடியில் இருந்த போன் நிற்காமல் சிணுங்கியது.

"ஏலே, ஆயிரம் பேரு காத்துக்கிட்டு இருக்கான்! எனக்காக!"

"பெரிய ஆளாயிட்டியே. அப்படியே என் ஆட்டோவையும் ஒருக்கா காட்டிரு."

"நம்பர் பிளேட்டோட காட்டுதேன்."

"பிளேட் வேண்டாம்லே. இன்சூரன்ஸ் முடிஞ்சு கெடக்கு."

அருவியின் இரைச்சல் பஜாரிலேயே கேட்டது. சிப்ஸ் கடை பாதி திறந்து கிடந்தது, ஜெபசிங்கைக் காணவில்லை. விஜய்பாண்டி போனை உயர்த்திப் பிடித்தபடி ஓடினான். விரல் லைவ் பட்டன் மேலேயே இருந்தது. பின்னால் சுடலைமுத்து.

பாலத்தைத் தாண்டியதும் விஜய்பாண்டி நின்றுவிட்டான்.

அருவியின் முன்னால் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். நடக்க முடியாத பிள்ளைகள். ஆய்க்குடிப் பக்கம் ஓர் இல்லத்திலிருந்து வேனில் வந்திருந்தார்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் காட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலி தள்ளினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அருவியே தோற்றுப்போனது.

நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பலாக நனைந்த ஜெபசிங்.

அவர் விஜய்பாண்டியைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"என்ன தம்பி, லைவா?"

"ஊரையே ஏமாத்திட்டியளே அண்ணாச்சி!"

"ஆமாடே. ஒன்பது மணி வரைக்கும் ஏமாத்துவேன். தண்ணி அதுக்குள்ள எங்கயும் ஓடிப்போயிராது. கூட்டம் வந்துட்டா இதுகளுக்கு நிக்க எடம் ஏது? போன வருசம் வேனுக்குள்ள இருந்தே எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சுதுக. நீ போடுததுன்னா போடு. தடுக்க நான் யாரு?"

சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியைத் தள்ளப் போய்விட்டார்.

சுடலைமுத்து காதருகே குனிந்தான். "ஏலே, இதையே எடுத்துப் போடு. லட்சம் பேரு பாப்பான். இனிமே எல்லாவனும் உன்னைத்தான் கேப்பான்."

போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது. 'எங்கே லைவ்?' 'சீக்கிரம் காட்டு தலைவா!' இதுவரை யாரும் அவனைத் தலைவா என்று கூப்பிட்டதில்லை.

"ஏ அண்ணே!"

நாற்காலியிலிருந்து ஒரு சிறுமி அதட்டினாள். "அந்தப் போனை அங்கன குடுத்துட்டு வந்து என்னையத் தூக்குங்க. ஜாய் ரெண்டு தடவ போயிட்டா. நான் இன்னும் தலைகூட நனைக்கல!"

"பொய்யிண்ணே!" என்றாள் பக்கத்து நாற்காலி ஜாய். "ஷாரோன் தலையைப் பாருங்க, எப்படிச் சொட்டுதுன்னு!"

விஜய்பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைச் சுடலைமுத்துவிடம் நீட்டிவிட்டு ஷாரோனைத் தூக்கினான். பிறகு ஜாய். பிறகு, "அடுத்து நான்! அடுத்து நான்!" என்று கை நீட்டிய எல்லோரும்.

அவன் திரும்பி வந்தபோது சுடலைமுத்து கையைப் பிசைந்துகொண்டிருந்தான். "திட்ட ஆரம்பிச்சிட்டானுவ. 'நீதான்டா பொய்க்காரன்'னு போடுதான். பாதிப் பேரு போயிட்டான். ஏதாவது சொல்லுலே!"

விஜய்பாண்டி போனை வாங்கினான். ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தான். சட்டையிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அப்படியே தட்டினான்.

'மன்னிக்கணும் மக்களே. நேரில் வந்து பார்த்துவிட்டேன். அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜெபசிங் அண்ணாச்சி சொன்னதுதான் உண்மை.'