நிற்காத வண்டிக்கு ஒரு கொடி

கைப்பேசித் திரையில் வட்டம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

திருமால் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. பொம்மிடியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்குச் சிவப்பு என்ன புதிதா? எத்தனை பாசஞ்சர் வண்டிகளை லூப் லைனில் காக்கவைத்து, எத்தனை பேரிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

எப்படியும் பச்சை வந்துவிடும் என்று உறுதியாக நின்றார்.

வரப்பில் அவருடைய சின்ன ட்ரோன் தயாராக இருந்தது. அதன் காலில் ஒரு பச்சைத் துண்டு. ஸ்டேஷனில் அவர் பிடித்த பழைய கொடியைத்தான் கட்ட நினைத்தார். காலையில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் அது கிடைக்கவில்லை. கேட்கலாமென்றால், மனைவி நிர்மலாதேவி அரூர் பக்கம் வேலை இருக்கிறது என்று விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டாள்.

துண்டானால் என்ன, பச்சையாக இருந்தால் சரி.

மகள் கோகிலவாணி சேலத்தில் ரயில் ஏறிவிட்டாள். சென்னையில் முதல் வேலை. பொம்மிடியில் நிற்காத வண்டி. அவளை ஜன்னலோரம் உட்காரச் சொல்லியிருந்தார். வண்டி இந்த இடத்தைத் தாண்டும்போது ட்ரோனைத் தூக்கிக் கொடி காட்டுவதாக ஏற்பாடு.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கொடி காட்டியவர், சொந்த மகள் ஊரைவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் டியூட்டியில் இருந்தார். பள்ளி விடுதிக்குப் போனபோதும் சரி, கல்லூரிக்குப் போனபோதும் சரி, பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்தது நிர்மலாதான். அந்தக் குறை அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை விடுவதாக இல்லை.

குறுக்கே வந்து நின்றது புது விதி. ட்ரோன் போக்குவரத்துக்கென்று வரைவு எழுதி, சட்டமாகும் முன்பே இந்த வட்டாரத்தில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழில் ட்ரோனுக்குத்தான் முதல் வழி. பொழுதுபோக்கு ட்ரோன் காத்திருக்க வேண்டும். பயிருக்கு மருந்தடிக்க ஒரு கம்பெனி முன்பதிவு செய்துவிட்டால், அந்த நேரம் முடியும்வரை அங்கே வானம் மற்றவர்களுக்குப் பூட்டு, கைப்பேசியில் வட்டம் சிவப்பு. மீறினால் பதிவு எண்ணே ரத்து. அப்புறம் ட்ரோனைப் பரணில் போட வேண்டியதுதான்.

தண்டவாளத்தை ஒட்டிய குச்சிக்கிழங்குக் காட்டில் பெரிய ட்ரோன் ஒன்று தாழப் பறந்து மருந்தடித்துக்கொண்டிருந்தது. மரவள்ளிச் செடிகள் ஆளுயரம். ஓட்டுகிறவர் தலைகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற குருவுக்குப் பொறுமை போய்விட்டது. அதியமான்கோட்டையில் பேக்கரி வைத்திருப்பவர், திருமாலைப் போலவே ட்ரோன் பித்துப் பிடித்தவர். இந்த விதி கூடாது என்று ஆள் ஆளாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். திருமால் மட்டும் போடவில்லை. வண்டி என்று ஓடினால் சிக்னல் என்று ஒன்று வேண்டும் என்பது அவர் கட்சி.

தூரத்தில் ரயில் கூவியது.

வட்டம் சிவப்பு.

"தூக்குங்க சார். ரெண்டு நிமிசந்தான, எவன் பாக்கப் போறான்?"

திருமாலின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல்தான் இருந்தது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு மகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்கிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"லைன் கிளியர் இல்லாம நான் ஒரு கூட்ஸு வண்டியக்கூட வுட்டதில்ல குரு."

விரலை எடுத்துவிட்டார்.

வண்டி வளைவில் திரும்பியது.

அப்போது, மருந்தடித்துக்கொண்டிருந்த பெரிய ட்ரோன் சட்டென்று வேலையை நிறுத்தியது. செடிகளை விட்டு எழும்பித் தென்னை உயரத்துக்கு வந்து நின்றது. அதன் காலில் ஏதோ படபடத்தது.

பச்சைக் கொடி. மூங்கில் பிடியோடு.

ட்ரோன் இடமும் வலமுமாக மெல்ல ஆடியது. வண்டிக்குக் கொடி காட்டும்போது திருமாலின் கை ஆடுகிற அதே நிதானம். சாப்பாட்டுத் தூக்கோடு பிளாட்பாரத்தில் காத்து நின்று, வருடக்கணக்கில் அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத்தான் அது வரும்.

வண்டி தடதடவென்று கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது.

"அப்பா, பாத்துட்டேன்ப்பா. நீங்க காட்டுற மாதிரியே ஆல் ரைட் காட்டுச்சு."

செடிகளை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் எதிர் வரப்பில் ஏறியது. முகத்தில் மாஸ்க், கழுத்தில் தொங்கும் பெரிய ரிமோட், சேலைக்கு மேல் திருமாலின் பழைய வெள்ளைச் சட்டை.

மகளிர் குழு மூலம் பயிற்சிக்குப் போய், மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கிக்கொண்டு வந்து நின்றவள். மருந்தடிப்பதெல்லாம் ஒரு பறத்தலா என்று அன்றிலிருந்து அவர் கேலி செய்துகொண்டிருந்தார்.

இங்கே வானம் பூட்டியிருக்கும், இந்த மனுஷன் அதை மீறமாட்டார் என்று அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. அரூர் பக்கம் வேலை என்றது பொய். கொடி வீட்டில் எப்படிக் கிடைக்கும்?

"அது நானில்ல சாமி," என்றார் மகளிடம். "உங்கம்மா."

ஒருவர் கொடியசைத்து ஆல் ரைட் காட்டினால் மற்றவர் பதிலுக்குக் காட்டியாக வேண்டும். அது ரயில்வேயின் பழைய விதி. திரையில் வட்டம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

திருமால் குனிந்து ட்ரோனின் காலிலிருந்து துண்டை அவிழ்த்தார். நிமிர்ந்து, கையை நன்றாக நீட்டி, நிர்மலாவைப் பார்த்து வீசினார்.