தூங்குமூஞ்சி மரத்தில் ஒன்று மட்டும்

திருவொற்றியூரில் மூடிக்கிடக்கும் மில்லின் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து பழந்தின்னி வௌவால்கள் எண்ணூர்ப் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. அந்தி இருட்டில் இலைகள் மடிந்துவிட, கிளம்பாத ஒன்று மட்டும் கிளையில் தனியாகத் தெரிகிறது. கண்டெய்னர் லாரியின் ஹாரனுக்குக்கூட அதன் காது அசையவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கும் மலிகா அதையே பார்க்கிறாள். "தூங்கினுகீதுக்கா," என்கிறாள் பக்கத்து மாடி அம்மு. மலிகா மத்தியானமே அதைக் கவனித்திருந்தாள். உச்சிவெயிலில் மற்றவை எல்லாம் இறக்கையால் விசிறிக்கொண்டபோதும் இது விசிறவில்லை. தொங்கும் பாரத்திலேயே பூட்டிக்கொள்ளும் கால்கள் அதற்கு. உயிர் போனாலும் பிடி விடாது. பாவாடை, துப்பட்டா, தலையணை உறை எல்லாம் தோளுக்கு வந்துவிட்டன. கணவன் ஜஹாங்கீரின் நீலச் சட்டை மட்டும் கொடியில் மிச்சம். அவன் மவுத்தாகி அடக்கமான பிறகுதான் அவள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தாள். ஆண் இல்லாத வீடென்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று, அவனுக்குக் கப்பலில் வேலை, அவ்வப்போது வந்து போகிறான் என்று சொல்லிவைத்து, வாரம் தவறாமல் அதைத் துவைத்துக் காயப்போடுகிறாள். "பாய் கப்பல்லேர்ந்து வந்துட்டாராக்கா? சட்டை காயுதே," என்கிறாள் அம்மு. கடல்காற்றில் சட்டையும் வௌவாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. "உள்ள தூங்கினுகீறாரு," என்று சொல்லிவிட்டு, மலிகா சட்டைக்கு இன்னொரு கிளிப் போடுகிறாள்.