எழுபத்தெட்டு கிலோ

பதினெட்டு வருடம் ஆபீஸுக்குப் போய்வந்த காரைப் பந்தயக் காராக்கிவிட வேண்டும் என்ற ஞானோதயம், கோயம்புத்தூர் தனபாலுக்கு ஐம்பத்தோராவது வயதில் வந்தது. வேகத்துக்கு எடைதான் எதிரி என்று எங்கோ படித்திருந்தார். பின் சீட்டு போனது, ஏசி போனது, ஸ்டெப்னியும் போனது. கடைசியில் டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் பெயர்த்தெடுத்துப் பூஜையறையில் குடிவைத்தார்.

"ஏனுங்க, நான் எங்க உக்கார்றது?" என்றாள் மனைவி கலாமணி.

"நீ அறுபத்திரண்டு கிலோ. பஸ்ல வந்துரு" என்றார், அன்பாகத்தான்.

பந்தயக் காரே ஆனாலும் சாலைக்கு வர வேண்டுமென்றால், வண்டியைத் தானே ஓட்டும் தானோட்டிப் பெட்டி இப்போது சட்டப்படி கட்டாயம். ஆர்டிஓ ஆபீஸில் அதைப் பொருத்தி, சீல் வைத்து, சான்றிதழும் கொடுத்தார்கள்.

முதல் பந்தய நாள். புது ஹெல்மெட், சிவப்புக் கையுறை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, உள்ளே ஏறிப் பெட்டியிலிருந்த பந்தயப் பொத்தானை அழுத்தினார். பெட்டி பணிவாகப் பேசியது.

"வண்டியில் தேவையற்ற எடை எழுபத்தெட்டு கிலோ உள்ளது. அகற்றினால் கிளம்பலாம்."

தனபால் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் தகரம்தான் இருந்தது.

"நான்தானப்பா ஓட்டணும்."

"ஓட்டுவது நான், ஐயா. தயவுசெய்து இறங்கவும்."

இறங்கினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் பிரமாதமாகப் பறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேலரிக்கு ஏறி வந்தவருக்கு, பஸ்ஸில் வந்திருந்த கலாமணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க. இங்க யாரும் எடை பாக்கறதில்லீங்க."