ரெண்டிலிருந்து நாலு

"பேஷண்ட் என்ன, அவன் வீட்டுச் சொத்தா?" என்றாள் ரம்யாஸ்ரீ.

கோபம் நியாயம்தான். டாக்டர் படிப்பின் கடைசிப் பிராக்டிகலுக்கு நாலே நாள். வார்டில் படுத்திருந்த மொக்கையனின் இதயத்தில், பரீட்சையில் தவறாமல் கேள்வியாக வருகிற ஒரு சத்தம் இருந்தது. சிம்மக்கல்லில் மூட்டை தூக்கியவர், ஒரே வாரத்தில் காலேஜ் முழுக்கப் பிரபலம்.

டைம்டேபிள் போடுவதில் வெங்கடேஷ்பாபு கில்லாடி. குளிக்கக்கூட நிமிஷக் கணக்கு வைத்திருப்பவன். மொக்கையனுக்கும் ஒன்று போட்டு, ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை, தினமும் ஆளுக்கு அரை மணி.

சிவபாண்டி தன்னுடைய நோட்ஸையெல்லாம் கொடுத்து, மூன்று பேரின் முறையை வாங்கிக்கொண்டான். ரெண்டிலிருந்து நாலு வரை அவன் ஒருத்தனே.

"போன தடவை இந்தச் சத்தம் பிடிபடாமத்தான் ஃபெயிலானான். அதுக்காக இப்படியா?" என்று பொரிந்தாள் ரம்யாஸ்ரீ.

"நான் போய்க் கேக்குறேன்" என்று வெங்கடேஷ்பாபு கிளம்பினான்.

மணி ரெண்டரை. வார்டில் மொக்கையன் தலையணைகளில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் சிவபாண்டி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஸ்டெதஸ்கோப் பைக்குள் கிடந்தது.

வேறு பேட்ச் பையன்கள் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப என் டைம். நாலு மணிக்கு வாங்க" என்றான் சிவபாண்டி. அவர்கள் முறைத்துக்கொண்டே போனார்கள்.

வெங்கடேஷ்பாபுவுக்கு எரிச்சல் வந்தது. "கேட்டு முடிச்சிட்டேல்ல? அடுத்தவனுக்கு விட வேண்டியதுதான?"

"மெல்லப் பேசு மாப்ள. எனக்கு இன்னும் பிடிபடல."

"அப்ப எழுப்பிக் கேளு. திரும்பவும் ஃபெயிலாகப் போறியா?"

"ராத்திரியெல்லாம் மூச்சுத் திணறி உக்காந்தே இருக்காரு. பகல்ல நம்ம விடுறதில்ல."

"அதுக்கு?"

சிவபாண்டி சட்டைப்பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்து நீட்டினான்.

"இதுல அம்புட்டுப் பேருக்கும் நேரம் போட்டிருக்க. அவரு தூங்குறதுக்குப் போடல. அதான் என் பேருல வாங்கி வச்சேன்."